வீடு எந்தச் சரிவில்? விற்பனை எந்த மாதத்தில்?

கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் உறவினரிடம் "வீட்டை விற்கப் போகிறோம்" என்று இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ சொன்னால், பெரும்பாலும் ஒரே யோசனைதான் வரும்: ஏப்ரல், மே வரட்டும், அப்போது போட்டால் நல்ல விலை போகும். அவர்கள் இருக்கும் நாட்டுக்கு அது சரியான யோசனை. அங்கே பனி உருகி, மரம் துளிர்த்து, பகல் நீளும் மாதங்களில்தான் மக்கள் வீடு பார்க்கக் கிளம்புகிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்குள் குடிபெயர்ந்து செப்டம்பரில் பிள்ளையைப் புதிய பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்ற கணக்கும் அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கணக்கை அப்படியே கொண்டுவந்து, மே மாதக் கடைசியில் கினிகத்தேனையில் ஒரு வீட்டை விற்பனைக்குப் போட்டால் என்ன ஆகும்? தென்மேல் பருவமழை பிடித்துக்கொள்ளும் நேரம் அது. வீடு பார்க்க வருபவர் குடையை மடக்குவதற்கு முன்பே, திரும்பிப் போகும் பாதையைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருப்பார்.

மலையகத்துக்கு வேறு நாட்காட்டி வேண்டும். ஒரு நாட்காட்டியும் போதாது. மலைநாட்டின் மேற்குச் சரிவும் கிழக்குச் சரிவும் வெவ்வேறு மாதங்களில் நனைகின்றன. ஹட்டனுக்கு நல்ல மாதம் பதுளைக்கு நல்ல மாதமாக இருக்க வேண்டியதில்லை. விலையை மாதவாரியாகச் சொல்லும் அட்டவணையையும் இங்கே நம்பிப் பயனில்லை. இலங்கை மத்திய வங்கி அரையாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் காணி விலைச் சுட்டெண் நெடுங்காலம் கொழும்பு மாவட்டத்துக்கே உரியதாக இருந்தது. மழை, வாங்குபவரின் கைக்குப் பணம் வரும் காலம், பத்திரங்கள் தயாராக எடுக்கும் காலம் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இவற்றில் மழைக்கே முதலிடம் என்பது என் உறுதியான கருத்து. மலையில் வீடு வாங்க வருபவரின் மனதில் மிகப் பெரிய கேள்வி மழையைப் பற்றியதுதான்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசுகிறது. அது கொண்டுவரும் மழையை முதலில் தாங்குவது கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா, ஹட்டன் பகுதிகள். நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்கள் இந்த மேற்குச் சரிவில்தான் இருக்கின்றன; சில இடங்களில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அதே காற்று மலைமுகட்டைக் கடந்து கிழக்குச் சரிவான ஊவாவுக்குள் இறங்கும்போது ஈரத்தை இழந்துவிடுகிறது. ஹட்டனில் துணி காயாத ஜூலையில், பண்டாரவளையிலும் வெலிமடையிலும் புழுதி பறக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வடகீழ் பருவக்காற்றில் நிலைமை தலைகீழாகிறது. பதுளைப் பக்கம் மழையில் நனைய, மேற்கில் வானம் வெளுக்கிறது. இடையில் வரும் அக்டோபரும் நவம்பரும் இரண்டு பக்கத்தையும் விடுவதில்லை. காலையில் வெயில், பிற்பகலில் இடிமழை, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் நாள்கணக்கில் அடைமழை.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஊவாத் தேயிலையின் தரம் உச்சத்துக்கு ஏறுவது ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் அந்த உலர்ந்த காற்றில். மேற்கே திம்புலப் பகுதியின் தரமான பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. கொழுந்தில் வாசம் ஏறும் மாதங்களும் வீட்டுச் சுவர் காய்ந்திருக்கும் மாதங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் பகுதித் தொழிற்சாலையில் எப்போது தரமான தேயிலை விழுகிறது என்று கேட்டுப் பாருங்கள். வீட்டைக் காட்டும் காலத்துக்கு அதைவிட நம்பகமான குறிப்பு கிடைப்பது அரிது.

ஆனால் வறண்ட காலம் வந்துவிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. வறண்ட காலத்தின் எந்தப் பகுதி என்பதும் முக்கியம். மழை ஓய்ந்த முதல் சில வாரங்களே சிறந்தவை என்று நான் சொல்வேன். அதற்குக் காரணம் வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தால் தெரியும்.

மலைச்சரிவை வெட்டிக் கட்டிய சாதாரண வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பின்புறம் ஆளுயரத்துக்கு வெட்டிய மண், அதைத் தாங்க ஒரு கருங்கல் சுவர், சுவரின் அடியில் நீர் வடிய விட்டிருக்கும் குழாய்த் துண்டுகள், அதன்கீழ் வடிகான். விவரம் தெரிந்தவர் வரவேற்பறையின் மாபிள் தரையைப் பார்த்து முடிப்பதற்குள் பின்புறத்துக்குப் போய்விடுவார். குழாய்களில் நீர் சொட்டுகிறதா, அடைத்துக் கிடக்கிறதா என்று பார்ப்பார். சொட்டினால் நல்லது, மண்ணுக்குள் இறங்கிய நீர் வெளியே வர வழி இருக்கிறது என்று பொருள். அடைத்துக் கிடந்தால் அந்த நீர் சுவருக்குப் பின்னால் தேங்கி அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. சுவரின் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா என்று ஒரு பக்கமாக நின்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார். பிறகு சமையலறையின் பின்சுவரில் கையை வைத்து அழுத்துவார். பூச்சு பொரிந்து வெள்ளை உப்புப் பூத்திருந்தால், நிலத்து ஈரம் சுவரில் ஏறுகிறது. கூரையின் மூலையில் தேநீர்க் கறை போல வளையம் இருந்தால் ஓடோ தகடோ ஒழுகியிருக்கிறது. கடைசியாகப் பாதை. கொங்கிரீட் போட்ட செங்குத்தான ஒழுங்கையில் பாசி பிடித்திருந்தால், மரணவீட்டுக்குப் பெட்டியை எப்படி இறக்குவது, வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்கு எப்படி ஏற்றுவது என்ற யோசனை அவருக்கு அங்கேயே வந்துவிடும்.

மழை ஓய்ந்த முதல் வாரங்களில் இவை எல்லாவற்றுக்கும் கண்முன்னே பதில் கிடைக்கிறது. குழாயில் நீர் இன்னும் மெல்ல வடியும். ஊற்று ஓடும், கிணறு நிறைந்திருக்கும். சுவர் மட்டும் காய்ந்திருக்கும். "இவ்வளவு மழைக்குப் பின்னும் இந்த வீடு இப்படித்தான் நிற்கிறது" என்று ஒரு விற்பனையாளர் வாயால் சொல்ல வேண்டியதை வீடே காட்டிவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் வெயில் பட்டுக் காய்ந்தபின் அதே வீட்டைப் பார்ப்பவருக்குச் சந்தேகம் மிஞ்சும். மழைக்காலத்தில் எப்படி இருக்குமோ என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விலையில் ஒரு துண்டு கழியும்.

ஆகவே மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நாவலப்பிட்டி பகுதிகளில், ஜனவரி நடுப்பகுதி தொடங்கி மார்ச் முடிவதற்குள் வீட்டைக் காட்டி முடிப்பதே நல்லது. கண்டியும் கம்பளையும் ஏறக்குறைய இதே கணக்கில் வருகின்றன. கண்டிக்கும் ஆண்டில் மழை குறைந்த மாதங்கள் இவைதான். ஊவாவில் இரண்டு வாய்ப்புகள் கிடைக்கின்றன. வடகீழ் மழை ஓயும் பெப்ரவரிக் கடைசியிலிருந்து புத்தாண்டு வரை ஒன்று, ஜூன் முதல் ஜூலை நடுப்பகுதி வரை மற்றொன்று. ஊவாவில் ஆகஸ்ட், செப்டம்பரை நான் தவிர்ப்பேன். வானம் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் பத்தனைப் புல் காய்ந்து பழுப்பாகிவிடும், ஊற்று வற்றும், குழாய்த் தண்ணீர் முறை வைத்து வரும். பண்டாரவளையில் தண்ணீர் என்பது வெறும் வசதிக் குறை அல்ல. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கப்பாதைக்குள் 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் பீறிட்டுப் பாய்ந்தபின் அந்தப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 2024இல் திட்டம் திறந்துவைக்கப்பட்டு மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பின்னும், அங்கே வீடு பார்க்க வருபவர் கிணற்றை எட்டிப் பார்க்காமல் போவதில்லை. சுவரில் வெடிப்பைக் கண்டால், அது எந்த ஆண்டு விழுந்தது, பிறகு வளர்ந்ததா என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லப் பழைய படங்கள் இருந்தால் எடுத்து வையுங்கள். கிணற்றில் நீர் நிற்கும் மாதத்தில் அவரை வரவழையுங்கள்.

மழையைப் பற்றிய பயத்தில் ஆக ஆழமானது மண்சரிவுப் பயம். 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயன்களோடு மக்கள் மண்ணுக்குள் போனதை மலையகம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொட்டிய மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களெங்கும் மலைகள் சரிந்தன; நூற்றுக்கணக்கானவர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு மலையில் வீடு பார்க்க வருபவர் எவரும் பேசும் முதல் விஷயம் விலையாக இருக்காது. மேலே என்ன இருக்கிறது, அந்த மேட்டில் யார் மண் வெட்டியிருக்கிறார்கள், உங்கள் கிராம அலுவலர் பிரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்ததா, அன்று இந்த வீட்டில் இருந்தவர்கள் வெளியேறினார்களா என்பவைதான் முதலில் வரும்.

இந்தக் கேள்விகளை மழை மறந்துபோன மாதம் பார்த்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். அதை நான் முற்றாக எதிர்க்கிறேன். நிலத்தில் புதிதாக விழுந்த நீள வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி ஓடும் ஊற்று, இறுகிப்போய்த் திறக்க மறுக்கும் கதவுநிலை ஆகியவை மண் நகர்வதன் அறிகுறிகள். அவற்றைச் சீமெந்து பூசி மறைத்து ஒரு குடும்பத்தைக் குடியேற்றுவது விற்பனை ஆகாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் காணியைப் பரிசோதித்து அறிக்கை தருகிறது. புதிதாகக் கட்டவும் காணியைத் துண்டாடவும் அந்தப் பரிந்துரை கேட்கப்படுவதால், பல வீட்டுக்காரர்களிடம் ஏதோ ஒரு காலத்தில் பெற்ற கடிதம் இருக்கும். இல்லாவிட்டால், விற்க நினைக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பாதுகாப்பானது என்று எழுத்தில் இருக்கும் வீட்டை எந்த மாதத்திலும் விற்கலாம். அபாயம் என்று வந்தால், அதை அறிந்துகொள்ள வேண்டிய முதல் ஆட்கள் அந்த வீட்டில் இப்போது உறங்குபவர்கள்.

இனி வாங்குபவர் பக்கம் வருவோம். "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்ற வாக்கை மலையகத் தமிழர்கள் வீட்டு விஷயத்தில் சொல்லுக்குச் சொல் கடைப்பிடிக்கிறார்கள். மார்கழியில் முற்பணம் கொடுக்கவே தயங்குவார்கள், ஆடியிலும் அப்படியே. புதுமனை புகுவதற்கு ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய மாதங்களைத் தள்ளிவைப்பவர்கள் பலர். அவர்களுக்குத் தை, மாசியில் வீடு அமைந்தால் வைகாசிக்குள் பால் காய்ச்சிவிடலாம். மேற்குச் சரிவில் வானமும் வழக்கமும் இந்த மாதங்களில் ஒன்றுசேர்வது விற்பவருக்கு வாய்த்த நல்ல காலம். ஊவாவின் ஜூன், ஜூலை வாய்ப்பு முடியும்போதே ஆடி குறுக்கே வந்துவிடுகிறது. ஆனால் அங்கே வாங்க வருபவர்களில் சிங்களவர்களும் முஸ்லிம்களும் கணிசமாக இருப்பார்கள், ஆடி அவர்களைத் தடுக்காது. தமிழ் வாங்குநரிடம் ஆனிக்குள் விலை பேசி முற்பணம் வாங்கிவிட்டு, விற்பனைப் பத்திரமான உறுதியை ஆவணியில் எழுதிக்கொள்ளலாம்.

கொழும்பில் கடை வைத்திருக்கும், வேலை பார்க்கும் மலையகத்தவர்கள் ஊரில் ஒரு வீடு வாங்க நினைத்தால், அதைப் பார்க்க வருவது பொங்கலுக்கும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும்தான். குடும்பத்தில் எல்லோரும் கூடியிருக்கும் அந்த இரண்டு மூன்று நாட்களில் மனைவியும் தாயும் அண்ணனும் வீட்டைப் பார்த்துச் சம்மதித்துவிட்டால் பேச்சு அங்கேயே முடியும். தரகர் மூலம் தனியாக வந்து பார்த்துவிட்டு "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று போகும் ஒருவரைவிட, குடும்பமாக வரும் நால்வர் உறுதியான வாங்குநர்கள். உங்கள் ஊர்த் திருவிழா எந்த வாரம் என்பதை மனதில் வைத்து வீட்டைத் தயாராக்குங்கள்.

ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணிப் பாதைக்கு இன்னொரு காலக்கணக்கும் உண்டு. சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. அறை வாடகைக்கு விடக்கூடிய வீடோ, முன்னால் கடை வைக்கக்கூடிய வீடோ அந்தப் பாதையில் இருந்தால், பருவம் நடக்கும்போது காட்டுங்கள். வருமானத்தைக் கணக்கில் எழுதிக் காட்டுவதைவிட, இரவு இரண்டு மணிக்கு வாசலில் பஸ்கள் வரிசையாக நிற்பதை அவர் கண்ணால் பார்ப்பது வலுவான சாட்சி.

நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகாலம் மட்டும் ஏமாற்றக்கூடியது. மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவிக்கரையில் கூட்டம் என்று ஊரே நிரம்பும். கொழும்பின் ஏப்ரல் வெக்கைக்குத் தப்பி வந்த பணமுள்ளவர்கள் தெருவில் நடப்பார்கள். இவ்வளவு பேர் வருகிறார்களே, இப்போதுதான் விற்க வேண்டும் என்று தோன்றும். வருபவர்களில் பெரும்பாலானோர் பார்த்து ரசித்துவிட்டுப் போகிறவர்கள். வாகன நெரிசலில் ஒரு நாளைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் பார்க்க முடியாது. நொத்தாரிசும் வங்கியும் அரச அலுவலகங்களும் புத்தாண்டை ஒட்டி மந்தமாகிவிடுகின்றன. விடுதியாக நடத்தும் எண்ணத்தோடு வாங்குபவருக்கு ஏப்ரல் வருமானம்தான் ஆண்டின் பெரிய வருமானம். அதை அவர் கையில் கிடைக்கும்படி செய்தால் விலை ஏறும். எனவே பெப்ரவரியில் பேசத் தொடங்கி மார்ச் முடிவதற்குள் உறுதி எழுதி, ஏப்ரல் பதிவுகளோடு சேர்த்து வீட்டைக் கைமாற்றுவது இருவருக்கும் லாபம். ஜனவரி, பெப்ரவரி விடிகாலையில் புல்லில் உறைபனி விழும் குளிர் இருந்தாலும், பகல் வெயில் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். வீட்டைக் காட்ட அது போதும்.

பள்ளியை நம்பி வாங்குபவர்களின் கணக்கு வேறு. பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குவதே இலங்கையின் வழமை. கொரோனாவுக்குப் பின் சில ஆண்டுகள் அது பின்தள்ளிப் போனது. இடமாற்றம் கிடைத்த ஆசிரியர்களும் ஆறாம் தரத்துக்குப் பிள்ளையை நகரத்துப் பள்ளிக்கு அனுப்புபவர்களும் டிசம்பர், ஜனவரியில் வீடு தேடுவார்கள். இவர்களில் பலர் வாடகைக்குத்தான் வருகிறார்கள். கண்டியின் பெரிய பாடசாலைகளில் முதலாம் தரத்துக்காக வாங்குபவர் அந்த அவசரத்தில் வருவதில்லை. பாடசாலைக்கு அருகில் வசிப்பவர்களுக்கான பிரிவில் முந்திய ஆண்டுகளின் வாக்காளர் இடாப்புக்குப் புள்ளி இருப்பதால், பிள்ளை நடக்கத் தொடங்கும் முன்பே அவர் வீடு வாங்கியாக வேண்டும். பேராதனை வீதியிலோ கட்டுகஸ்தோட்டைப் பக்கமோ அப்படிப்பட்ட எல்லைக்குள் வீடு வைத்திருப்பவர் மாதத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து டிசம்பர் விடுமுறைக்கு வருபவருக்காகக் காத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணியை உரித்தாக்க முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை. டொரொண்டோவிலிருந்து வரும் உறவினர் கனேடியக் குடியுரிமை மட்டும் வைத்திருந்தால், தன் பெயரில் உங்கள் வீட்டை எழுதிக்கொள்ள இயலாது. இதை அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொண்டால், டிசம்பர் முழுவதும் மற்ற வாங்குநர்களைத் திருப்பி அனுப்பிய நட்டம் வராது.

நல்ல மாதம் கையில் இருந்தும் விற்பனை நழுவுவதற்கு, நான் அறிந்தவரை, பெரும்பாலும் பத்திரங்கள்தான் காரணம். வாங்குபவர் வங்கிக் கடன் எடுப்பவராக இருந்தால், வங்கியின் சட்டத்தரணி முப்பது ஆண்டுக்கு உரித்து வரலாற்றைக் காணிப் பதிவகத்தில் தேடுவார். உறுதி, நில அளவை வரைபடம், ஒப்புதல் பெற்ற கட்டட வரைபடம், நகர சபை அல்லது பிரதேச சபையின் ஆதன வரி ரசீதுகள், வீதிக்கோட்டுச் சான்றிதழ், காணி அரசுடைமையாக்கப்படவில்லை என்ற சான்றிதழ் எல்லாம் கேட்கப்படும். மலையகத்தில் பல வீடுகள் அப்பாவின் அல்லது பாட்டனாரின் பெயரிலேயே நிற்கின்றன. ஐந்து பிள்ளைகளில் ஒருவர் கட்டாரிலும் ஒருவர் சென்னையிலும் இருந்தால், அவர்களுக்குப் பதிலாகக் கையொப்பமிட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் அவர்களிடமிருந்து வந்து சேரவே மாதங்கள் ஓடிவிடும். ஒருவர் இறந்து அவருடைய பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போயிருந்தால் இன்னும் நீளும்.

எனவே பின்னாலிருந்து எண்ண வேண்டும். ஹட்டனில் பெப்ரவரியில் விற்க நினைப்பவர் முந்திய ஆண்டின் பெப்ரவரியிலேயே நில அளவையாளரை அழைத்துவிட வேண்டும். ஜூன், ஜூலை மூடுபனியிலும் மழையிலும் அவர் எல்லைக்கல்லைப் பார்த்து அளப்பது கடினம். வீட்டைப் படம் எடுப்பதும் அதே பெப்ரவரி வெயிலில். மழைமாதங்கள் அலுவலக வாசல்களுக்கு உரியவை. அக்டோபருக்குள் உரித்துத் தேடல் முடிந்திருக்க வேண்டும். கூரையையும் வடிகானையும் சரிசெய்தபின், சுவர் காய்ந்த டிசம்பர்க் கடைசியில் வர்ணம் பூசலாம். ஈரச் சுவரில் பூசிய வர்ணம் வாங்குபவர் இரண்டாம் முறை வருவதற்குள் உரிந்துவிடும். உரிந்த வர்ணம் உரியாத சந்தேகத்தை விதைக்கும்.

முத்திரைத் தீர்வை வாங்குபவரின் பொறுப்பு: முதல் 100,000 ரூபாய்க்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். விலை பேசும்போது அவர் அதையும் கூட்டித்தான் யோசிப்பார். விற்பவருக்கு உரியது மூலதன ஆதாய வரி. விற்பதற்கு முந்திய மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உங்களுக்குச் சொந்தமாயிருந்து, அதில் இரண்டு ஆண்டுகளாவது நீங்கள் குடியிருந்த முதன்மை வீடாக இருந்தால் விலக்குண்டு. அண்மையில் குடியேறியவர், அல்லது வாடகைக்கு விட்டு வெளியே இருந்தவர், இந்த நாட்களை எண்ணிப் பார்த்து உறுதி எழுதும் தேதியை முடிவுசெய்ய வேண்டும். இரண்டு மாதம் பொறுத்தால் வரி இல்லாமல் போகக்கூடிய இடத்தில், நல்ல மாதம் என்று அவசரப்படுவதில் பொருளில்லை. 2017 செப்டம்பர் 30இல் ஏற்கெனவே உங்கள் கையில் இருந்த சொத்துக்கு அந்த நாளின் சந்தை மதிப்பே அடிப்படை விலையாக எடுக்கப்படும் என்பதால், அதற்கான மதிப்பீட்டு அறிக்கையையும் முன்கூட்டியே பெற்று வையுங்கள்.

மாதத்தைவிட ஆண்டு பெரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. வங்கிக் கடனில் வீடு வாங்க இருந்தவர்கள் அத்தோடு ஒதுங்கினார்கள். அதே காலத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360 ரூபாய் அளவுக்கு ஏறியதால், வெளிநாட்டுச் சம்பளம் வைத்திருந்தவர்களுக்கு மலையக வீடு திடீரென மலிவானது. 2023 ஜூன் முதல் வட்டி இறங்கத் தொடங்கிய பின்பே கடன் எடுத்து வாங்குபவர்கள் திரும்பி வந்தார்கள். வட்டி ஏறிக்கொண்டிருக்கும் ஆண்டில் தை மாதத்தின் வெயில் உங்களுக்கு அதிகம் உதவாது. இறங்கிக்கொண்டிருக்கும் ஆண்டில் நீங்கள் ஒரு பருவம் பொறுக்கலாம்.

இந்தக் கட்டுரை முழுவதும் உறுதி கையில் இருப்பவர்களை நோக்கியது என்பது எனக்கு உறுத்தாமல் இல்லை. லயன் அறையில் நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்கு விற்க நல்ல மாதம் என்று ஒன்று இல்லை. அந்த அறையும் நிலமும் அவர்களுடையதாக எழுதப்படவே இல்லை. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டங்களில் வீடு பெற்றவர்களில் சிலர், கடனுக்காகவோ பிள்ளையின் பயணத்துக்காகவோ வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு வீட்டை "விற்றுவிடுகிறார்கள்". அந்தத் தாள் நீதிமன்றத்தில் நிற்காது. காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணியை விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் பெற்ற காணிக்கும் பிரதேச செயலாளரின் ஒப்புதல் வேண்டும். உங்கள் கையில் இருப்பது எந்த வகைப் பத்திரம் என்று தெரியாவிட்டால், எவரிடமும் ஒரு ரூபாய் முற்பணம் வாங்குவதற்கு முன் அதைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் காட்டிக் கேளுங்கள்.

நல்ல மாதத்துக்குக் காத்திருக்க முடியாத நிலைமைகளும் வரும். மரணம், வைத்தியச் செலவு, விசா கிடைத்துவிட்ட பயணம். ஜூலையில் ஹட்டனில் விற்றே தீர வேண்டுமானால், மழையை மறைக்கப் பார்க்காமல் அதையே சாட்சியாக்குங்கள். ஆட்கள் வருவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே பீலியையும் வடிகானையும் துப்புரவாக்கி, படியின் பாசியைச் சுரண்டி, அடுப்பை மூட்டி வீட்டைச் சூடாக வையுங்கள். கொட்டும் மழையில் வடிகான் நீரை இழுத்துக்கொண்டு போவதையும் உள்ளே தரை காய்ந்திருப்பதையும் பார்த்தவர், வெயிலில் பார்த்தவரைவிடத் துணிந்து பேசுவார். அக்டோபர், நவம்பரானால் காலை பத்து மணிக்கு முன் வரச் சொல்லுங்கள். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான். பணம் உடனே தேவை, விலையோ மனதுக்கு ஒவ்வவில்லை என்றால், ஓராண்டு குத்தகைக்கு விட்டு முன்பணம் பெற்றுக்கொண்டு, அடுத்த தையில் விற்பதும் ஒரு வழி. விற்பதென்றே முடிவானால், வீட்டைக் காலி செய்யும் தேதியை விற்பனை உடன்படிக்கையிலேயே எழுத்தில் போட்டுவிடுங்கள். சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தத் தேதி பரீட்சைக்குப் பிந்தியதாக இருக்கட்டும்.